தாய்ப்பாலும் பால்மாப் பேணியும்: எமது நூறு வருடங்கள்

எமது பழைய மாணவிகள் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது 1926ஆம் ஆண்டில். அதே ஆண்டு யூலை மாதத்திலேதான் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க்குழு கேட்டபோது, அந்தத் தற்செயல் எமக்கு ஒரு வழியைக் காட்டியது. கல்லூரியின் அதிபர்கள், கட்டடங்கள், வலைப்பந்துக் கிண்ணங்கள் பற்றியெல்லாம் எழுத வேறு சகோதரிகள் இருக்கிறார்கள். எம்மில் ஒருவர் தாதியாகவும், ஒருவர் மருத்துவமாதாகவும், மற்றவர் மனையியல் ஆசிரியையாகவும் கடமையாற்றி ஓய்வுபெற்றவர்கள். எனவே வீடுகளுக்குள்ளே நடந்து, எந்த ஆண்டறிக்கையிலும் பதியப்படாத ஒரு மாற்றத்தை எழுத எண்ணினோம்.

மாற்றம் இதுதான். எமது அம்மம்மாமார் தம் பிள்ளைகளுக்கு முலைப்பால் கொடுத்து வளர்த்தார்கள். எமது அம்மாமாரிற் பலர், சிறப்பாகப் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள், போத்தலைக் கையில் எடுத்தார்கள். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறினோம். எமது பிள்ளைகள் மீண்டும் தாய்ப்பாலுக்கு வந்திருக்கிறார்கள். நான்கு தலைமுறைக்குள் ஒரு வட்டம் சுற்றி வந்தது எப்படி?

முதலில் எமது வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறோம். மனையியல் பாடத்தில் 'குழந்தை பராமரிப்பு' என்று ஓர் அலகு இருந்தது. அதற்கு நாம் வரைந்த படம் பாற்போத்தலும் அதன் றப்பர் சூப்பியும். போத்தலை எப்படிக் கழுவுவது, எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது, பால்மாவை எந்தக் கரண்டியால் அளப்பது, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பது எப்படி என்பதெல்லாம் செய்முறையாகக் காட்டப்பட்டது. தாய்ப்பால் பற்றி ஒரேயொரு வாக்கியம்: அது குழந்தைக்குச் சிறந்த உணவு. அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். பிள்ளையை எப்படி அணைப்பது, முலைக்காம்பு மட்டுமன்றி அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகவேண்டும் என்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்ல வெட்கம், கேட்கவும் வெட்கம். எம்மில் ஒருவர் பின்னாளில் அதே பாடத்தை அதே விதமாக முப்பது வருடம் படிப்பித்தார் என்பதையும் இங்கு ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

அதற்கு முந்திய காலத்தில் இந்த அறிவு வீட்டில் இருந்தது. மருத்துவிச்சியும் அம்மம்மாவும் பெரியம்மாமாரும் பிள்ளை பெற்றவளைச் சுற்றி இருந்தார்கள். சரக்கரைத்த கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறா வறை என்று பத்தியம் நடந்தது. துடக்குக் கழியும்வரை அவளுக்கு அடுப்படி வேலையில்லை. பிள்ளையோடு படுத்திருப்பதே அவளது வேலை. பால் சுரப்புக்கு இந்த ஓய்வும் அடிக்கடி ஊட்டுவதும் எவ்வளவு முக்கியம் என்பது தாதியர் கல்லூரியில் படித்தபோதுதான் எமக்குத் தெளிவாயிற்று. அதற்காகப் பழையவை யாவும் பொன் என்று நாம் சொல்லவரவில்லை. முதல் இரண்டு மூன்று நாளில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் பழுதுபட்ட பால், பிள்ளைக்கு ஆகாது என்று பீய்ச்சி ஊற்றிய வீடுகள் இருந்தன. அதற்குப் பதிலாகச் சீனித்தண்ணீரோ தேனோ நாக்கில் வைத்தார்கள். நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அந்தச் சீம்பாலிலேதான் மிகச் செறிவாக உள்ளன. பசு கன்று போட்டால் கடும்புப் பாலைக் கன்று குடிக்கவேண்டும் என்று தெரிந்திருந்த அதே வீட்டில், சொந்தப் பிள்ளைக்கு அது மறுக்கப்பட்டது விசித்திரந்தான்.

பால்மாவின் கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. தாயை இழந்த, அல்லது தாயால் கைவிடப்பட்ட குழந்தைகள் அங்குள்ள அநாதை இல்லங்களில் செவிலித்தாய் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் இறந்தே போயினர். அந்தக் குழந்தைகளுக்காக ஒரு மாற்று உணவு தேடியதில் பிழையில்லை. 1860களில் ஜேர்மனிய இரசாயன அறிஞர் யுஸ்ருஸ் பொன் லீபிக், மாவும் பாலும் சேர்த்து ஒரு குழந்தையுணவை உருவாக்கினார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே தமது பால்மாவுணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்னர், 1856இல், அமெரிக்கரான கெயில் போர்டன் பாலைச் சுண்டவைத்துப் பேணியில் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நாம் 'ரின்பால்' என்று சொல்லும் அது, இனிப்பூட்டப்பட்ட வடிவில் கப்பலேறி எங்கள் நாடுகளுக்கு வந்தது. கெடாது, இனிக்கும், குழந்தை அழுகையை நிறுத்தும். ஆனால் வளரும் பிள்ளைக்குத் தேவையானவற்றிற் பல அதில் இல்லை. பசுப்பாலில் தாய்ப்பாலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு புரதம் உண்டு, உப்புகளும் கூட. கன்று வேகமாக வளரவேண்டிய பிராணி. மனிதக் குழந்தை அப்படியல்ல.

எமது வீடுகளுக்கு வந்த பேணிகளின் பெயர்கள் மூத்த சகோதரிகளுக்கு மறக்காது: கிளாக்சோ, கவ் அன் கேற், லக்ரோஜன். வெற்றுப் பேணிகள் பின்னர் அரிசி அளக்கவும் கற்கண்டு போட்டு வைக்கவும் உதவின. பேணியில் சிரித்த கொழுகொழுத்த குழந்தையின் முகம் அடுப்படித் தட்டில் வருடக்கணக்காக எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. எமது பிள்ளை அந்தப் படத்துக் குழந்தையைப் போல் இல்லையே என்ற ஏக்கத்தை வளர்ப்பதற்கு வேறு விளம்பரமே தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெண் வைத்தியரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். எங்கள் மகளிர் கல்லூரிகளில் அவர் பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், எமக்குச் சொல்லப்படவில்லை. சிசிலி வில்லியம்ஸ் 1893இல் யமேக்காவிற் பிறந்தவர். இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றியபோது, அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, புரதம் குறைந்த உணவால் வீங்கி மெலியும் குழந்தைகளின் நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு விபரித்தார். அந்த ஊர் மக்கள் வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்ற பெயரையே அதற்கு இட்டார். பின்பு மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே தாதியரைப் போல வெள்ளையுடுத்த பெண்கள் வீடு வீடாகச் சென்று, ரின்பாலே நாகரிகமானது என்று தாய்மாரிடம் சொல்லி வருவதைக் கண்டார். தாய்ப்பாலை நிறுத்திய வீடுகளில் குழந்தைகள் வயிற்றோட்டத்தாலும் போசாக்கின்மையாலும் இறப்பதையும் கண்டார். 1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தைக் கொலையாகவே கருதவேண்டும் என்று வணிகர்கள் நிறைந்த அந்தச் சபையில் அவர் சொன்னார். யப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது சாங்கி முகாமிற் சிறைவைக்கப்பட்டார். உயிரோடு மீண்டு, 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவியானார்.

அந்த மலாயாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இருந்த தொடர்பு பலருக்குத் தெரியும். புகையிரதத்திலும் கந்தோரிலும் உத்தியோகம் பார்க்க எங்கள் ஊர்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்! 'மலாயாப் பென்சன்காரர்' வீடுகளிற் பிறந்தவர்கள் எமது கல்லூரியிலும் நிறையப் படித்தார்கள். வில்லியம்ஸ் எச்சரித்த அதே ரின்பாலும் அதே மோகமும் அவர்களின் பெட்டிகளோடும் வந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம்.

இலங்கையிலோ நிலைமை சற்று வேறுபட்டது. களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை படிப்படியாக நாடெங்கும் பரவி, பயிற்றப்பட்ட மருத்துவமாது ஒவ்வொரு பகுதிக்கும் வந்தார். கனடாவிலிருந்து 1896இல் வந்து, தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த டொக்டர் மேரி இரத்தினம், பாடசாலைகளுக்கெனச் சுகாதாரக் கைநூல் எழுதியதோடு, 1930இல் லங்கா மகிள சமித்தியை அமைத்துக் கிராமப் பெண்களிடமும் போனார். இவர்களால்தான் போத்தல் மோகம் நகரத்துப் படித்த வீடுகளோடு பெருமளவு நின்றது. பெருமைப்பட முடியாத உண்மை என்னவென்றால், அந்தப் படித்த வீடுகள் எமது வீடுகள்.

எமக்குப் பிள்ளை பிறந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறோம். பிரசவம் வீட்டிலிருந்து ஆசுப்பத்திரிக்கு மாறியிருந்தது. உயிர்கள் தப்பின, அது பெரிய காரியம். ஆனால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வளர்த்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்து ஊட்டச் சொன்னார்கள். எம்மில் ஒருவருக்கு மூன்றாம் நாள் மார்பு கட்டிக் காய்ச்சல். பிள்ளை அழுகிறது. பார்க்க வந்த மாமி தொட்டிலை எட்டிப் பார்த்து, "பிள்ளை, உனக்குப் பால் காணாது, ஒரு பேணி வாங்குவிப்பம்" என்றார். அன்போடுதான் சொன்னார். அன்று பின்னேரமே பேணி வந்தது. ஆறாம் கிழமை பால் உண்மையிலேயே காணாமற் போயிற்று.

'பால் காணாது' என்ற இந்த இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும் எத்தனை தாய்மாரை வீழ்த்தியது என்று பிற்காலத்தில் கிளினிக்கில் இருந்தபோது கண்டோம். பால் சுரப்பது குழந்தை உறிஞ்சுவதைப் பொறுத்தது. உறிஞ்ச உறிஞ்சச் சுரக்கும். போத்தலால் வயிறு நிறைந்த பிள்ளை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் சுரப்புக் குறையும். ஆகவே சந்தேகத்தில் கொடுத்த முதற் போத்தல் அந்தச் சந்தேகத்தை உண்மையாக்கிவிடும். இரவில் ஊட்டுவது சுரப்பை அதிகம் தூண்டும். நாங்களோ இரவிலே தாய் நித்திரைகொள்ளட்டும் என்று போத்தல் கொடுத்தோம். பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, நிறை ஏறிக்கொண்டு வந்தால் பால் காணும். இவ்வளவுதான் சோதனை. இதைச் சொல்ல ஓர் ஆளில்லாமற் போனதே எமது தலைமுறையின் குறை. பிள்ளை பெற்றவளைச் சுற்றி இருந்த வட்டம் கலைந்துவிட்டது. அந்த இடத்துக்கு விளம்பரம் வந்தது.

1970களில் உலகம் விழித்துக்கொண்டது. 1974இல் இலண்டனில் வறுமைக்கெதிரான அமைப்பொன்று, ஏழை நாடுகளில் பால்மா விற்கப்படும் முறையைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டது. அதன் ஜேர்மன் பதிப்பு நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்று தலைப்பிட்டதால் கம்பனி வழக்குப் போட்டது. 1976இல் பேர்ன் நீதிமன்றம் பதின்மூவருக்குத் தலா 300 பிராங் தண்டம் விதித்தது. அதேவேளை கம்பனி தன் விளம்பர முறைகளை மீள்பரிசீலிக்கவேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். 1977இல் அமெரிக்காவில் பொருட் பகிஷ்கரிப்புத் தொடங்கியது. குற்றச்சாட்டின் சாரம் பால்மா நஞ்சு என்பதல்ல. சுத்தமான தண்ணீரும் எரிபொருளும் வாசிப்பறிவும் இல்லாத வீட்டில் அதைப் பாதுகாப்பாகக் கரைக்க முடியாது என்பதும், விலை தாங்காத தாய் ஒரு பேணியை அதிக நாளுக்கு இழுக்கத் தண்ணீரைக் கூட்டுவாள் என்பதும், இலவச மாதிரிப் பேணி முடிவதற்குள் அவளது பால் வற்றிவிடும் என்பதுமே.

1981 மே 21ஆம் திகதி ஜெனீவாவில் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்கான மாற்றுணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேசக் கோவையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, பேணியிற் குழந்தைப் படம் கூடாது என்பவை அதன் விதிகளுட் சில. இலங்கை தாமதிக்கவில்லை, 1983இல் தனக்கென ஒரு கோவையை உண்டாக்கிய முன்னோடி நாடுகளில் ஒன்றாயிற்று. நாட்டுக்கு வேறு காரணங்களால் மறக்கமுடியாத அந்த வருடத்தில் இப்படியும் ஒன்று நடந்தது. எமது அடுப்படித் தட்டுக் குழந்தை பேணியிலிருந்து மறைந்தது அதன் பின்னர்தான்.

அதற்கடுத்த வருடங்களில் எமக்குப் படிப்பித்தது புத்தகமல்ல, யுத்தம். 1990இன் பின் குடாநாட்டில் பால்மா அரிதாயிற்று. மண்ணெண்ணெய் விலை ஏறியபோது, போத்தலுக்குத் தேவை மா மட்டுமல்ல, கொதிநீரும் விறகும் சவர்க்காரமும் என்று ஒவ்வொரு தாயும் கணக்குப் பார்த்தாள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அன்று கைக்குழந்தையோடு நடந்த எமது சகோதரிகளில், முலைப்பால் கொடுத்தவர்கள் வழியோரம் குந்தியிருந்து சேலைத் தலைப்பால் மூடி ஊட்டினார்கள். போத்தற் பிள்ளைக்காரர் தண்ணீர் தேடி அலைந்தார்கள். அன்றைக்கு நாம் யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கத் தேவைப்படவில்லை.

ஆனால் இதையே பாடமாக்கிப் பால்மா தேடிய தாய்மாரைக் குறைசொல்ல எமக்கு மனம் வராது. 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மா பங்கிடும் வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் எறிகணை வீச்சில் இறந்ததையும், இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மாவுக்கான அட்டைகள் இருந்ததையும் ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிந்துள்ளது. பட்டினியும் காயமும் பதுங்குகுழியுமான இடத்தில், பால் மறந்த பிள்ளைகளுக்கும் தாயை இழந்த பிள்ளைகளுக்கும் அந்த மாவைத் தவிர வேறு என்ன இருந்தது? தாய் இல்லாத பிள்ளை, சில அரிய பிறவி நோயுள்ள பிள்ளை, பாலூட்டக்கூடாத மருந்து எடுக்கும் தாய் என்று பால்மா உயிர்காக்கும் இடங்கள் உண்டு. லீபிக் தேடியதும் அதற்காகத்தான்.

மலையகத்திலிருந்து வந்து எமது விடுதியில் தங்கிப் படித்த தோழிகள் சொன்னது இன்னொரு விதமான கதை. தோட்டத்துத் தாய் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலையிலிருந்து இடையில் இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டு ஏறவேண்டும். மலை தூரமென்றால் பிள்ளை காத்திருக்கும். அவளுக்கு விருப்பமோ அறிவோ குறைவில்லை, நேரந்தான் இல்லை. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலைநேரத்தில் இரண்டு இடைவேளை என்பது பின்னர் சேர்க்கப்பட்டது. மூன்றாம் பிள்ளை முதலானவற்றுக்கு 42 நாள் மட்டுமே என்றிருந்த விடுமுறை 84 நாளாக உயர்ந்தது 2018இல்தான். அரசாங்க சேவையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள், அதாவது ஏறத்தாழ நாலு மாதம். மேலும் 84 நாள் அரைச் சம்பளத்துடன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று 2001இல் உலக சுகாதார சபை தீர்மானித்தது. நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மாதத்தை அரைச் சம்பளத்தில் வாங்கத் தாய்க்கு வசதி இருக்கவேண்டும்.

இவ்வளவு தடையோடும் இளையவர்கள் எம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். 2006/07 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 76 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். யுத்தத்தால் வடமாகாணம் அந்தக் கணிப்பிற் சேரவில்லை. எல்லா மாகாணங்களும் சேர்ந்த 2016 ஆய்வில் அது 82 வீதம். 2020இல் 97 நாடுகளின் தாய்ப்பாலூட்டற் கொள்கைகளை ஒப்பிட்ட மதிப்பீட்டில் இலங்கை 100க்கு 91 புள்ளி பெற்று முதலிடம் வந்தது. வீட்டுக்கு வீடு வரும் மருத்துவமாதுக்கே இந்தப் பெருமை பெரும்பாலும் உரியது என்பது எம் கருத்து. எம்மில் ஒருவர் அந்தத் தொழில் செய்தவர் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

நன்மைகளைப் பொறுத்தவரை, எமது காலத்து ஒரு வாக்கியம் இன்று பெரிய அறிவாக விரிந்துள்ளது. தாய்ப்பால் ஊட்டல் உலகெங்கும் போதிய அளவுக்கு உயர்ந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 823,000 சிறு பிள்ளைகளின் மரணத்தைத் தடுக்கலாம் என்று 2016இல் லான்செற் மருத்துவச் சஞ்சிகை கணித்தது. வயிற்றோட்டமும் சுவாச நோயும் குறைவதே முக்கிய காரணம். தாய்க்குக் கர்ப்பப்பை சுருங்கி இரத்தப்போக்கு அடங்கும். ஒவ்வொரு 12 மாத ஊட்டலுக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 வீதம் குறைவதாக 2002இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எங்கள் பங்குனி வெயிலிலும் ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தண்ணீர் தனியாக வேண்டியதில்லை. பாலிலேயே பெரும்பகுதி தண்ணீர்தான். இதை மட்டும் அம்மம்மாமார் இன்றும் ஒத்துக்கொள்வதில்லை!

பேணிக்காரர் ஓய்ந்துவிட்டார்கள் என்றும் இல்லை. ஒரு வயது கடந்த பிள்ளைகளுக்கென வேறு மாக்கள், மூளை வளர்ச்சி பற்றிய வேறு வாக்குறுதிகள் வந்தன. மூன்று வயதுவரையான பிள்ளைகளுக்கென விற்கும் பாலுணவுகளும் கோவைக்குள் அடங்கவேண்டும் என்று 2016இல் வழிகாட்டல் வந்தது அதனால்தான். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பைக்கற் 790 ரூபாவாகி, அதற்கும் வரிசையில் நின்றபோது, முழு நாடும் பால்மாவில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது வெளித்தது.

இக்கட்டுரைக்காக இளைய பழைய மாணவிகளோடு கதைத்தோம். தாமும் ஆசிரியைகளாக இருக்கும் இருவர், பிரசவ விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்பியபோது பால் பீய்ச்சி எடுக்க மலசலகூடத்தைத் தவிர இடம் கிடைக்கவில்லை என்றார்கள். ஒருவர் ஒரு மாதத்தில் கைவிட்டார். மற்றவர் விஞ்ஞான ஆய்வுகூடத்தின் களஞ்சிய அறையைக் கேட்டு வாங்கினாராம்.

நூற்றாண்டு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்தும் பலர் கைக்குழந்தைகளோடு வருவதாக எழுதியிருக்கிறார்கள். பழைய மனையியல் அறையின் உட்பகுதியைச் செயற்குழு இதற்காக ஒதுக்கித் தந்துள்ளது. இரண்டு சாய்கதிரை, ஒரு மேசை, கைகழுவத் தொட்டி, கதவுக்கு உட்தாழ்ப்பாள் எல்லாம் போட்டாயிற்று. விழா முடிந்த பின்னரும் கல்லூரி ஆசிரியைகளின் பாவனைக்காக அந்த அறை அப்படியே இருக்கும் என்று அதிபர் இணங்கியிருக்கிறார். திறப்பு அலுவலகத்தில் இருக்கும். யாரிடமும் காரணம் சொல்லாமலே கேட்டு வாங்கலாம்.